கீழ்த்தட்டில் ஒரு எட்டு ஜிபி கார்டு

கிராபிக்ஸ் கார்டு விற்பது, தான் பார்க்காத படத்துக்கு வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது மாதிரியான வேலை. புடவைக் கடையில் பட்டை விரித்துக் காட்டிவிட்டு நைலக்ஸில் வீட்டுக்குப் போகும் அக்காக்களுக்கும், ஸ்வீட் ஸ்டாலில் சர்க்கரை வியாதியோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும்.

எங்கள் கம்ப்யூட்டர் கடை தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மூன்றே பேர். முதலாளி செந்தில் சார். பின்னால் சர்வீஸ் டேபிளில் ஸ்க்ரூ டிரைவரோடு லூர்து அண்ணன். கவுன்டரில் நான், பி.சி.ஏ. முடித்துவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அதனால் கையைப் பார்ப்பேன். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிடுவேன். "மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருக்க வேண்டிய பொண்ணு" என்று லூர்து அண்ணன் சொல்வார். ஆனால் கேமும் வீடியோவும் திக்காமல் ஓட கம்ப்யூட்டருக்குள் செருகும் இந்தக் கார்டுகளில் எது யாருக்குப் பொருந்தும், கொடுக்கிற விலைக்கு எது நியாயம் என்பதை மட்டும் கடையில் என்னிடம்தான் கேட்பார்கள்.

மூணு பேஸ்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கூடவே பாலிடெக்னிக் படிக்கும் மகன். மகன் கேட்டது இரண்டு ஃபேன் வைத்த கார்டு. அப்பா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, பூசணிக்காயைப் பார்ப்பது போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது எத்தினி வாட்டு இழுக்கும் பாப்பா?" என்றார். இரண்டு வருடத்தில் விலையைக் கேட்பதற்கு முன்னால் வாட்டைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "மூணு பேஸ் வேணுமா, சிங்கிள் பேஸ் போதுமா?" என்றார் அடுத்து. மகன் சட்டென்று திரும்பி, சுவரில் தொங்கிய மவுஸ் பேடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலமானால் அவர்கள் தோட்டத்து வீட்டில் பல்பு மஞ்சளாகிவிடுமாம். லோ வோல்டேஜில் இரண்டு முறை மோட்டார் காயில் கருகியிருக்கிறது. கார்டு வாங்கும்போது எல்லாரும் கேமைப் பார்க்கிறார்கள். அவர் தன் வீட்டுக்கு வரும் கரண்டைப் பார்த்தார். குறைவாக இழுக்கும் ஒரு கார்டும், உள்ளே போகும் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் எழுதிக் கொடுத்தேன். மகன் கேட்டதை விட ஒரு படி கீழே; ஆனால் அந்த வீட்டில் உயிரோடு இருக்கும். மகன் முகம் தொங்கிப்போனது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மோட்டாருக்கு மூணு பேஸ் விடற நேரம் பாத்து நான் எந்திரிக்கறன். இதுக்காவது நேரத்துல எந்திரிப்பானான்னு கேளுங்க பாப்பா, அப்படின்னா ரெண்டா வாங்கித் தரன்."

பென்னாகரத்துக்காரர் கழற்றிக் கொடுத்தது

பென்னாகரத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், பெரிய கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு தன்னுடைய பழையதை எக்ஸ்சேஞ்சில் விட்டுப் போனார். எட்டு ஜிபி. நாலு வயது. ஃபேன் இறக்கையில் தூசியே இல்லை. மாதம் ஒரு முறை பிரஷ் போட்டுத் துடைத்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. பின்பக்கத் தகட்டில் அவருடைய மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒன்று. அதைக் கையில் வாங்கியவள் கீழே வைக்கவே இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கடைசி வருடத்திலிருந்து நான் முப்பரிமாணக் காட்சி செய்யப் பழகுகிறேன். மலை, மழை, கட்டடம், வெளிச்சம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டுவது. பெங்களூரில் கேம் செய்யும் ஒரு சிறிய கம்பெனி, அரை நிமிடக் காட்சி ஒன்றைச் செய்து இரண்டு மாதத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்திருந்தால் வேலை. வினாடிக்கு இருபத்து நாலு படம்; அரை நிமிடம் என்றால் எழுநூற்று இருபது படங்கள். என் பழைய லேப்டாப்பில் ஒரு படம் முழுதாக உருவாக நாற்பது நிமிடம் ஆகிறது. அதாவது இருபது நாள், இரவு பகல் நிற்காமல். ஆனால் அது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சூடாகி அணைந்துவிடும். இந்தக் கார்டு இருந்தால் மொத்தமும் இரண்டே நாள். சம்பளத்தில் ஒவ்வொன்றாக வாங்கி, செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு, கேபினெட், ராம் எல்லாம் வீட்டில் சேர்த்து வைத்துவிட்டேன். கார்டு செருகும் இடம் மட்டும் காலி. கடையின் டெமோ கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாமே என்பீர்கள். ஷட்டர் இறங்கும்போது செந்தில் சார் மெயினையும் சேர்த்தே அணைத்துவிட்டுப் போகிறவர்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் வரும் பொருள் கீழ்த்தட்டில் முப்பது நாள் வாடிக்கையாளர்களுக்காக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் போகவில்லை என்றால்தான் கடை ஆட்கள் எடுத்த விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு முன்னால் வேலை செய்த ஒருவர், நல்லதாக வரும் பழைய பொருளையெல்லாம் அன்றைக்கே தன் பையில் போட்டுக்கொண்டு போனதால் வந்த சட்டம். செந்தில் சார் கார்டின் மேல் தேதி எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிக் கீழ்த்தட்டில் வைத்தார். பட்டாம்பூச்சி பாதி மறைந்துபோனது. அன்று மட்டும் நான் எத்தனை முறை குனிந்தேனோ, சாயங்காலம் லூர்து அண்ணன் சர்வீஸ் டேபிளிலிருந்தே சொன்னார்:

"பாக்காத மாதிரி இரு பாப்பா. நீ அதையே பாத்துட்டிருந்தா, வர்றவங்களும் அதையே பாப்பாங்க."

கேபிள்

ஒகேனக்கல் ரோட்டில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் ஒருவர், வாங்கிப் போன கார்டு வேலையே செய்யவில்லை என்று ஆறு நாளாகப் போனில் திட்டினார். கடையில் போனை எடுப்பது நான். என்ன பிரச்சினை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டாமல், பழக்கத்தில் பழையபடி மதர்போர்டிலேயே மாட்டியிருப்பார்கள். கார்டு பாட்டுக்கு உள்ளே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அவர் திட்டுகிற வேகத்துக்கு நடுவில் புகுந்து அதைச் சொல்ல எனக்கு ஒரு சந்து கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏழாம் நாள் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்தார். டேபிளில் வைத்து, மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் போர்டிலேயே மாட்டி, "பாருங்க, எப்படி இழுக்குதுன்னு" என்றார். நான் கையை நீட்டிக் கேபிளை உருவி, நாலு விரல் கீழே இருந்த கார்டில் மாட்டினேன். திரையில் அருவி கொட்டுகிற மாதிரி கேம் ஓடியது. அவர் கேபிளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் ஸ்டேப்ளரில் பின் நிரப்ப ஆரம்பித்தேன். அவர் கேட்டதோ வேறு:

"அப்போ இத்தினி நாளா உங்க கார்டே இல்லாமத்தான் விளையாடிட்டு இருந்தனா? அதுவும் நல்லாத்தானுங்களே இருந்துச்சு!"

டிரைவர் அண்ணன்

கீழ்த்தட்டுக் கார்டுக்குப் பதினோராம் நாள். ஊன்றுகோலோடு ஒருவர் படியேறினார். பதினெட்டு வருடம் அரூர் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். முழங்கால் ஆபரேஷன் ஆகி, இன்னும் ஆறு மாதத்துக்கு கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லையாம். பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று இருக்கிறதே, அதை ஓட வைக்க ஒரு கார்டு வேண்டும், விலை ரொம்பப் போகக் கூடாது என்றார். பேசும்போது இடது கை தானாகவே கவுன்டருக்குக் கீழே இல்லாத கியரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கீழ்த்தட்டில் இருந்தது அவருக்கும் பொருந்தும். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் புதியது, கேமும் சின்னது. மேல்தட்டில் இருந்த நாலு ஜிபி புதுக் கார்டே போதும், வாரண்டியும் உண்டு என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் கீழே ஒன்று இருக்கிறது என்று சொல்லவும் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் கீழ்த்தட்டில் அந்தக் கார்டுக்கு முன்னால் இரண்டு ரவுட்டர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒளித்தேன் என்று சொல்ல மாட்டேன். அடுக்கினேன்.

லூர்து அண்ணன் டெமோ கம்ப்யூட்டரில் கார்டை மாட்டி, கேமைப் போட்டுக் காட்டினார். டிரைவர் அண்ணன் இரண்டு ஸ்டாப் ஓட்டினார். கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், பஸ்ஸை ஸ்டாப்பில் ஒட்டி நிறுத்தி, எல்லாரும் ஏறும் வரை காத்திருந்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"ஏங்க, இதுல படியில தொங்கறவங்கள உள்ள போன்னு சத்தம் போட முடியாதுங்களா?"

சந்தனம், குங்குமம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்கள் சர்வீஸ் டேபிளில் மணமாக இருக்கும். கீபோர்டில் விபூதி, மவுஸில் பொட்டு, பிரிண்டருக்குள்ளிருந்து ஒரு பூ. இந்த வருடம் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து தரும் ஒரு அம்மா கேபினெட்டைக் கொண்டுவந்தார். மற்றவர்களெல்லாம் வெளிப்பக்கம் பொட்டு வைத்தால், இவர் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த கார்டின் ஃபேன் இறக்கை ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். அவருக்கே தெரியாமல் மகன் வாங்கிப் போட்ட விலையுயர்ந்த கார்டாம். அதனால் அதற்கு மட்டும் தனி மரியாதை. மறுநாள் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றி, உள்ளே எல்லாருக்கும் பொட்டு வைத்துவிட்டது.

லூர்து அண்ணன் வேளாங்கண்ணி மாதா படத்தைத் தன் டேபிளில் ஒட்டி வைத்திருப்பவர். பல் துலக்கும் பிரஷையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு, பயபக்தியோடு ஒவ்வொரு இறக்கையாகத் துடைக்கத் தொடங்கினார். அந்த அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்:

"ஸ்பிரிட்டு வேண்டாங்க, சாமிக்கு வச்சது. அந்தக் குங்குமத்த மட்டும் ஒரு பேப்பர்ல தட்டிக் கொடுத்துடுங்க, வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறன்."

லைட் எரியுமா?

இருபதாம் நாள். இன்ஜினியரிங் கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். இருபது வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கடையில் 'டாக்டர்' என்போம். வியாதியும் அவர்களே சொல்வார்கள், மருந்தும் அவர்களே சொல்வார்கள். கார்டு கம்பெனிகளைப் பெட்டி நிறத்தை வைத்து நாங்கள் பச்சை, சிவப்பு என்று சொல்வோம். இவர் பச்சையில் எதை வாங்கினால் முட்டாள், சிவப்பில் எதை வாங்கினால் புத்திசாலி என்று எனக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அத்தனையும் சரியாகவே சொன்னார். கடைசியில், "இந்தக் காசுக்குப் புதுசு வாங்கறது வேஸ்ட்டுக்கா. பழைய எட்டு ஜிபி ஒண்ணு கிடைச்சாதான் லாபம். இருக்குதா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் செந்தில் சார் ரவுட்டர் பெட்டிகளை நகர்த்தி அதை எடுத்துக் கவுன்டரில் வைத்துவிட்டார். மாணவர் கையில் எடுத்தார். ஃபேனை விரலால் சுற்றினார். ஸ்லாட்டில் செருகும் தங்கப் பல்லில் கீறல் இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர் பார்க்கிற இடங்கள். "இதுல லைட் எத்தனை கலர் எரியும்?" என்றார். எரியாது என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன், ஆனால் அவர் காதில் விழுந்துவிட்டது. கார்டைக் கீழே வைத்துவிட்டு, ஏழு வண்ணத்தில் மின்னும் நாலு ஜிபி கார்டு ஒன்றைக் காட்டி அதைக் கட்டச் சொன்னார். இந்த விலைக்கு அது சுமாரானது என்று அரை மணி நேரம் முன்னால் அவரே சொல்லியிருந்த கார்டு. நான் அப்படிப் பார்த்தேனோ என்னவோ, பில் வாங்கும்போது அவராகவே விளக்கம் சொன்னார்:

"லைட் எரியாதத எடுத்துட்டுப் போனா, எங்கூட்ல கம்ப்யூட்டர்ல ஏதோ மாட்டியிருக்கறன்னே நம்ப மாட்டாங்கக்கா."

இருபத்தெட்டாம் நாள்

இன்னும் இரண்டே நாள். வீட்டில் என் கேபினெட்டின் பக்கத் தகட்டை முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டேன். காட்சியும் கிட்டத்தட்ட முடிந்திருந்தது; கடைசித் தேதிக்குப் பதினோரு நாள் மீதி. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, கம்பைநல்லூரிலிருந்து ஒரு அக்கா போர்வையில் சுற்றிய கேபினெட்டோடு வந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ஆட்காட்டி விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின புள்ளிகள். தையல் கடை வைத்திருக்கிறார். பெயர் பூங்கொடி. கணவர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். போய் இரண்டரை வருடம்.

"வயல் உழுகற கேமுங்க," என்றார். அவருக்கும் சொல்லக் கூச்சம், எனக்கும் கேட்கக் கூச்சம், இரண்டு பேரும் போர்வையைப் பார்த்தே பேசினோம். "வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அவரு அங்க ரூம்ல, நான் இங்க கடையில. ரெண்டு பேருமா ஒரே வயல்ல ஓட்டுவோம். எங்களுக்கு நிலமெல்லாம் கிடையாதுங்க. அதுல நாப்பது ஏக்கர் வச்சிருக்கறோம்." கொஞ்சம் சிரித்தார். "என்னுது நின்னு நின்னு வருதுங்க. அவரு டிராக்டர எடுத்துட்டுப் போயிடறாரு. நான் வரப்பு மேலயே நின்னுக்கிட்டு இருப்பன். போன்ல 'வா புள்ள, வா புள்ள'ங்கறாரு. எங்க போறது?"

கேபினெட்டைத் திறந்தேன். ஏதோ ஆபீசில் கழித்துப் போட்ட பழைய போர்டு. இதில்தான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கார்டு செருகும் ஸ்லாட்டை ஒரு ரோடு என்று வைத்துக்கொண்டால், அதில் பதினாறு வழி உண்டு. இப்போது வரும் குறைந்த விலைப் புதுக் கார்டுகள் அதில் நாலு வழியில் மட்டும் போய் வருகின்றன. புது போர்டில் ஒவ்வொரு வழியும் அகலம், அதனால் நாலே போதும். பழைய போர்டில் வழி குறுகல். கார்டு திக்கித் திக்கி நிற்கும். கீழ்த்தட்டில் இருந்த பழைய கார்டு பதினாறு வழியிலும் போகிறது. என் வீட்டில் இருப்பதும் இதே மாதிரி பழைய போர்டுதான் என்பதால், இதை நான் வேண்டுமென்றே படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். கடையில் வேறு யாருக்கும் தெரியாது.

செந்தில் சார் எட்டிப் பார்த்து, "நாலு ஜிபி புதுசையே குடும்மா. மூணு வருஷம் வாரண்டி," என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். புதிய பெட்டி என் கையில் இருந்தது. கொடுத்தால் தப்பு என்று உலகத்தில் ஒருவரும் சொல்ல முடியாது. கம்பைநல்லூரில் கேம் முன்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லாமல் ஓடும். அந்த அக்காவும் பழைய போர்டு அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமைகளில் வரப்பு மேல் கொஞ்சம் குறைவான நேரம் நிற்பார், அவ்வளவுதான். நான் பெட்டியின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் பிரித்துக்கொண்டே நின்றேன்.

"இன்னொண்ணு இருக்குதுங்க," என்றேன். சீட்டில் எழுதவில்லை. முகத்தைப் பார்த்தே சொன்னேன். சர்வீஸ் டேபிளில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றது.

"பழசுங்க. நாங்க தர்ற வாரண்டி ஒரு மாசம்தான். ஆனா உங்க போர்டுக்கு இதுதான் சரியா வரும். ரெண்டையும் போட்டுக் காட்டறோம், நீங்களே பாத்துட்டு எடுங்க." ரவுட்டர் பெட்டிகளை நானே நகர்த்தினேன். லூர்து அண்ணன் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, முதலில் புதியதை மாட்டினார். டிராக்டர் நாலு அடி போய் நின்றது, நாலு அடி போய் நின்றது. பிறகு பழையது. டிராக்டர் வயலின் அந்தக் கோடி வரை போய், திரும்பி, கலப்பை மண்ணைப் புரட்டிக்கொண்டே வந்தது. பூங்கொடி அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மவுஸை விடவே இல்லை. ஒரு சால் முழுக்க உழுது முடித்துவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பில் போட்டேன். தேதி ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் பட்டாம்பூச்சி முழுதாக இருந்தது. அதையும் உரித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார். போர்வையைச் சுற்றி முடிச்சுப் போடும்போது அவருக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டிருந்தது:

"நாப்பது ஏக்கருக்கு ரெண்டு பேரு பத்தலைங்க. உங்க வூட்லயும் இந்த மாதிரி ஒரு கார்டு இருந்தா, வெள்ளிக்கிழமை நீங்களும் வந்து ஒரு கை குடுங்களேன்."

ஐந்து வினாடி

அடுத்த நாள் லூர்து அண்ணன் ரவுட்டர் பெட்டிகளை எடுத்து, அவை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். நான் கணக்கை மாற்றிப் போட்டேன். அரை நிமிடத்தை ஐந்து வினாடியாக்கினேன். நூற்று இருபது படம். லேப்டாப்பை இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, நான் புழுக்கத்தில் உட்கார்ந்தேன். அணைந்தபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட விட்டேன். ஒன்பது நாள் ஆனது. கடைசித் தேதிக்கு முதல் நாள் அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

அனுப்பியதை லூர்து அண்ணனுக்குக் கடையின் பெரிய மானிட்டரில் போட்டுக் காட்டினேன். விடிகாலை, பனி, தருமபுரி ஸ்டேஷன் மாதிரி ஒரு பிளாட்பாரம். பெங்களூர்ப் பக்கம் போகும் ரயிலுக்காக ஒரு பெண் பையோடு நிற்கிறாள். தூரத்தில் பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது. தண்டவாளம் மின்னத் தொடங்குகிறது. அவள் பையை எடுக்கக் குனிகிறாள். அதோடு ஐந்து வினாடி முடிந்துவிட்டது. ரயில் வந்து நிற்பது மீதி இருபத்தைந்து வினாடியில் இருந்தது. லூர்து அண்ணன் இன்னும் வரும் என்று கொஞ்ச நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ரயிலு வர்றதுக்குள்ள முடிச்சிட்டியே பாப்பா! இன்னொரு தபா போடு, வருதான்னு பாக்கலாம்."

இத்தனைக்குப் பிறகும், கொடுக்கிற விலைக்கு நல்ல கார்டு எது என்று யாராவது கேட்டால், பூங்கொடி அக்காவுக்கு என் கையால் பில் போட்டுக் கொடுத்தனுப்பியதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.